இருபத்து நாலு கட்டம்

நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உங்களில் யார் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியின் கைப்பிடியை நான் உடைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது உடைந்துதான் இருந்தது. ஆனால் பதினான்கு வருஷமாக அந்தப் பழி என் மேல்தான். குண்டாக இருப்பவள் உட்கார்ந்த நாற்காலி உடைந்திருந்தால் யாரும் விசாரணை வைப்பதில்லை.

என் பெயர் எஸ்தர். ராபர்ட்சன்பேட்டையில் உங்கள் கிளினிக்கில்தான் சர்க்கரை, எடை இரண்டுக்கும் ஆலோசனை சொல்லும் நர்ஸாக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றேன். அதற்கு முன்னால் தங்கச் சுரங்கம் நடத்திய மைன்ஸ் ஆஸ்பத்திரி. நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தபோது என் எடை தொண்ணூற்றாறு கிலோ. "நீங்களே இப்படி கீறீங்க, எங்களுக்கு இன்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்காத நோயாளி இல்லை. "நான் வாயால சொல்றேன், இடுப்பால இல்ல. காதக் குடுங்க" என்பேன். உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன்.

இந்த எடை குறைக்கும் ஊசியை எங்கே குத்துவது, பேனாவை எப்படித் திருகுவது, ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் வைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. மருந்துக் கம்பெனி ஆட்கள் வந்து படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் ஊசி போட்ட ஆளின் எடைக் கோடு மேலிருந்து அழகாகக் கீழே இறங்கும். கோடு இறங்கி முடிந்ததும் பிஸ்கட், காபி வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன ஆனான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் பிஸ்கட் தின்றேன். அதனால் ஒரு மனுஷன் ஏறக்குறைய நாற்பது பெண்களோடு ராகி வயலில் போய் இறங்கினார்.

நம் ஊரில் ஊசி என்றால் 'கோர்ஸ்' என்று அர்த்தம். இது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்காது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் நெஞ்சில் கல்தூசி படிந்து, அதன் மேல் டி.பி.யும் சேர்ந்து, ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்ற காலத்துப் பழக்கம் அது. ஆளுக்கு ஒரு கார்டு. கார்டில் கட்டங்கள். ஒரு ஊசிக்கு ஒரு டிக். கட்டமெல்லாம் நிறைந்தால் கோர்ஸ் முடிந்தது, ஷிஃப்டுக்குப் போகலாம். என் அப்பா தன் கார்டை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், ஆனால் அந்த நம்பிக்கையை யாராலும் மூட முடியவில்லை. தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஏ.சி. அறையில் வேலை பார்த்துவிட்டு வரும் பேரப்பிள்ளைகள்கூட, ஊசி என்றதும் "மொத்தம் எத்தனை சிஸ்டர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

குணசேகரனும் அதையேதான் கேட்டார். அவருக்கு நாற்பத்தொரு வயது. சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு. ஒரு தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸுக்கு டிரைவர். எடை நூற்றுப் பதினெட்டு. தூங்கும்போது மூச்சு அடைபட்டு அடைபட்டு விழிப்பு வரும், அதனால் பகலெல்லாம் கண்ணைச் சொக்கும். கம்பெனியின் டாக்டர் ஆறு மாதம் கெடு வைத்திருந்தார். அதற்குள் எடை இறங்கித் தூக்கம் சரியாகாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

எங்கள் டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு வாரம் ஒரு ஊசி எழுதினார். "இது ரொம்ப நாளைக்குப் போட வேண்டியிருக்கும்" என்று தெளிவாகத்தான் சொன்னார். குணா அந்த அறையிலிருந்து வெளியே வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்தபோது அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரொம்ப நாளுன்னா எத்தன சிஸ்டர்? ஒரு நம்பர் சொல்லுங்க. நம்பர் தெரிஞ்சா தாங்கிக்குவேன்."

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டியது, "நம்பர் இல்ல குணா" என்பதுதான். அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். ஒரு அட்டையை எடுத்தேன், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஆறு மாதக் கெடு அல்லவா? மாதத்துக்கு நாலு வீதம் இருபத்து நாலு கட்டம். அதை அவர் கையில் கொடுத்ததும் அந்த முகம் தெளிந்த தெளிச்சல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நல்ல வேலை செய்துவிட்டோம் என்று நான் அன்றைக்கு மதியம் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

முதல் மாதம் குமட்டல், புளித்த ஏப்பம், மலச்சிக்கல். குணா போன் செய்து என்னைத் திட்டாத நாள் இல்லை. பத்தாவது கட்டத்தில் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். இருபத்து நாலாவது கட்டத்தில் தொண்ணூற்றெட்டு கிலோ. குறட்டை நின்றது, பகல் தூக்கம் போனது, கம்பெனி டாக்டர் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். குணா மைசூர் பாகு டப்பாவோடு வந்தார். எங்கள் டாக்டர் அன்று லீவு. நான் பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்து, கார்டின் மேல் 'கோர்ஸ் முடிந்தது' என்று குத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் அவருக்கு என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூன்றாவது வாரமே பசி திரும்பி வந்திருக்கிறது. "வயித்துக்குள்ள யாரோ சுவிட்ச போட்டுட்டாங்க சிஸ்டர்" என்றார் பிறகு ஒரு நாள். இந்த மருந்து பசியைக் கொன்று புதைப்பதில்லை. இருக்கிற வரைக்கும் அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். மருந்து போனால் உடம்பு தான் இழந்த எடையைத் தேடிப் பிடிக்கப் பார்க்கும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் ஆகிறது. அது மருந்தின் குணம், உடம்பின் குணம். மனுஷனின் குணக்கேடு இல்லை. இதை யாராவது குணாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தாள்.

நாலைந்து மாதம் கழித்து மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் காய்கறிக் கடைக்குப் பின்னால் நழுவினார். சட்டை பட்டன் மறுபடியும் இழுத்துக்கொண்டிருந்தது. அப்போது என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? 'பாரு, வாயக் கட்ட முடியல.' நான் நினைத்தேன் இதை. தொண்ணூற்றாறு கிலோவோடு நின்றுகொண்டு, வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் என்னைப் பார்த்து நினைத்ததை, நான் இன்னொருவரைப் பார்த்து நினைத்தேன். கார்டு போட்டதற்குக்கூட என்னை நானே மன்னித்துக்கொண்டேன், இதற்கு இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு அவர் மனைவி சுமதி கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் ஆள் நிறைய. என் காதருகே குனிந்து பேசினார்.

"நான் சொன்னேன்னு அவருக்குத் தெரியக் கூடாது சிஸ்டர். சனிக்கெழம பூதிகோட்ட தாண்டி பஸ்ஸு ரோட்ட விட்டு ராகி வயலுக்குள்ள எறங்கிடுச்சி. நாய் குறுக்க வந்துச்சின்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கினு கீறாரு. நாயும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணு அசந்துட்டாரு. வூட்ல வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுவறாரு."

"இன்னிக்கு டியூட்டி உண்டா?"

"மத்தியான ஷிஃப்டு. பன்னண்டே முக்காலுக்கு நந்திதுர்க்ல இருந்து வண்டி எடுக்கணும்."

டாக்டர் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. கையில் ஒன்றே கால் மணி நேரம். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். கம்பெனிக்கு போன் செய்து போட்டுக் கொடுக்கலாம். சாயங்காலத்துக்குள் குணாவுக்கு வேலை போகும், அதற்கப்புறம் இந்த ஊரில் எந்த டிரைவரும் நம்மிடம் உண்மை பேச மாட்டான். நோயாளியின் ரகசியம் என்று வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் பஸ்ஸில் ஏறும் நாற்பது பெண்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது. அவரை நாளைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பலாம், அதற்கும் சும்மா இருப்பதற்கும் வித்தியாசமில்லை. நான் ஓ.பி. சீட்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஊருக்குள்ளேயே இருக்கும் நந்திதுர்க் ஸ்டாப்பில் குணா பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சிஸ்டர், இந்தப் பக்கம்?"

"குணா, இன்னிக்கு வண்டிய எடுக்காதப்பா."

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"உன் கண்ணு சொல்லுது. ரெண்டும் செவந்து கீது. ராத்திரி தூங்குனியா?"

அவர் துணியைக் கீழே போட்டார். "போங்க சிஸ்டர். உங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா கீது. நீங்க கோர்ஸ ஒழுங்கா முடிச்சிக் குடுத்தீங்க. நான்தான் துன்னு துன்னு கெடுத்துட்டேன். எனக்கு இந்த வேலையும் போச்சின்னா இன்னா பண்ணுவேன்? வழிய வுடுங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. அந்த மனுஷன் என் தப்பைத் தன் தப்பாக்கி, ஐந்து மாதமாகத் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். கிளினிக் வாசலை மிதிக்காததற்கும் அதுதான் காரணம். பேசிப் புரிய வைக்க நேரமில்லை. நான் பஸ்ஸில் ஏறினேன். நேரே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது, பரவாயில்லை என்று இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தேன்.

பஸ்ஸுக்குள் சத்தம் கிளம்பியது. "யாரம்மா நீனு? டைம் ஆய்து!" என்று ஒருத்தி கன்னடத்தில் கத்தினாள். லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள் என்று இன்னொருத்தி. கண்டக்டர் மாதிரி ஒரு பையன் என் தோளைத் தொட வந்தான்.

"தொடாத. என்ன எழுப்பணும்னா மூணு ஆளு வேணும். வெயிட்டு தொண்ணூத்தாறு. யாரு யாரு வர்றீங்க?" என்றேன்.

பின் சீட்டில் சிரிப்பு எழுந்தது. என் உடம்பு எனக்கு உபயோகப்பட்ட நாட்களைக் கணக்கெடுத்தால் அந்த நாளுக்குத்தான் முதலிடம். சிரிப்பு அடங்கியதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினேன். "இந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல. மருந்து விசயத்துல தப்பு பண்ணது நானு. நிறுத்தக் கூடாதத நிறுத்திட்டேன். அவரு ஒடம்பு இன்னிக்கு வண்டி ஓட்டற மாதிரி இல்ல. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க."

என்ன மருந்து, என்ன நோய் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு சொன்னதே அதிகம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றைக்கும் அதே இடத்தில் நிறுத்தினால் அதையேதான் சொல்வேன்.

குணா பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார்.  போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "சார், ஒடம்பு முடியல. வேற டிரைவர அனுப்புங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போல. குணா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இல்ல சார். சனிக்கெழம நாய் எதுவும் வரல. நான் தூங்கிட்டேன்."

முன் சீட்டில் இருந்த பெண் எழுந்து வந்து அவர் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். வேறு டிரைவர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நான் சீட்டை விட்டு எழவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், பஸ்ஸ மறிச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். கார்டு கதையையும் ஸ்டாம்ப் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர், "நான் ரொம்ப நாள்னு சொன்னேன். நீங்க அத எப்படிச் சொல்றீங்கன்னு நான் ஒரு நாளும் கேக்கல. பாதி என் தப்பு" என்றார். "உங்க பாதிய நீங்க வெச்சிக்குங்க டாக்டர், என் பாதிய நான் வெச்சிக்கறேன். இப்ப அவர இன்னா பண்றதுன்னு சொல்லுங்க" என்றேன்.

குணா உண்மையைத் தானே ஒப்புக்கொண்டதால் கம்பெனி அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஸ்டோரில் போட்டது. சம்பளம் குறைந்தது. தூக்கப் பரிசோதனை செய்து, இரவில் மாஸ்க் வைத்துக்கொண்டு தூங்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஊசியை மறுபடி தொடங்கினார் டாக்டர். பழைய பெரிய டோஸிலேயே ஆரம்பிக்கச் சொல்லி குணா சண்டை போட்டார். முடியாது. இத்தனை மாதம் இடைவெளி விட்ட உடம்புக்கு மறுபடி சின்ன டோஸிலிருந்துதான் ஏற வேண்டும். மறுபடி அதே குமட்டல், அதே ஏப்பம், எனக்கு அதே திட்டு.

இரண்டாவது முறை எடை மெதுவாக இறங்கியது. நூற்றொன்றில் வந்து நின்றுவிட்டது. "மருந்து செத்துப்போச்சி சிஸ்டர்" என்று வந்து நின்றார். இதை எல்லாருமே சொல்வார்கள், தயாராக இருங்கள். முதல் வருஷத்தோடு இறக்கம் நிற்பது சகஜம். தராசு முள் நகராமல் நிற்கிறதே, அதுதான் அப்போது மருந்து செய்கிற வேலை. ஏற வேண்டிய எடை ஏறாமல் இருக்கிறது. இறங்குவதைப் பார்த்துக் கைதட்டுகிற நாம், நிற்பதைப் பார்த்தும் கைதட்டப் பழக வேண்டும்.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். முடி கொஞ்ச காலம் கொட்டலாம் என்று சொல்லுங்கள். சோறு குறையும்போது கொழுப்போடு சதையும் கரையும், அதனால் முட்டை, பயறு, மீன் குறையக் கூடாது, கால் கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வயிற்றில் தாங்க முடியாத வலி வந்தால் ஏப்பம் என்று நினைத்து இஞ்சி தின்றுகொண்டு உட்காராமல் ஓடி வரச் சொல்லுங்கள். சிலர் நிறுத்தத்தான் செய்வார்கள். பணம் இருக்காது, ஒத்துக்கொள்ளாது, குழந்தை வேண்டும் என்பார்கள். நிறுத்துவது ஒரு பாவமும் இல்லை. பசி திரும்பும், எடை திரும்பலாம், அப்போது முகத்தை ஒளிக்காமல் நம்மிடம் வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு இறங்காது என்பதையும் சொல்லுங்கள். குணா விஷயத்துக்குப் பிறகு எனக்கும் டாக்டர் இந்த ஊசியை எழுதினார். ஒரு வருஷத்தில் ஆறு கிலோ. சர்க்கரை அடங்கியிருக்கிறது, முட்டி வலி குறைந்திருக்கிறது, நான் இன்னும் குண்டுதான். சர்ச்சில் ஒரு அம்மாள், "குறுக்கு வழியில போறீங்களே சிஸ்டர்" என்றார். "நேர் வழியில போயி நீங்க எங்க சேந்தீங்க?" என்று கேட்டேன். அதிலிருந்து அவர் வேறு பெஞ்சில் உட்காருகிறார்.

ஸ்டோருக்குப் போன ஏழு மாதம் கழித்து குணாவைக் கம்பெனி டாக்டர் மறுபடி பரிசோதனைக்குக் கூப்பிட்டார். தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட், மெஷினில் பதிவான கணக்கு, எங்கள் டாக்டரின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். மெஷின் வைத்துத் தூங்கினால் மூச்சு அடைபடுவது நின்றிருந்தது. பகலில் கண் சொக்குவது அறவே இல்லை. கம்பெனி டாக்டர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்.

"எல்லாம் சரி. ஆனா இன்னும் ஊசி போட்டுக்கிட்டுதானே இருக்கே? ஊசிய நிறுத்திட்டு, சொந்த முயற்சியில இந்த வெயிட்ட வெச்சிக் காட்டு. அப்புறமா கையெழுத்துப் போடறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்துகொண்டு எழுந்தேன். குணா என் கையை அழுத்தி உட்கார வைத்தார். காய்கறிக் கடைக்குப் பின்னால் ஒளிந்த அதே மனுஷன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சமும் குரல் உயர்த்தாமல் பேசினார்.

"சார், உங்க கண்ணாடியக் கழட்டுங்க."

"என்னது?"

"கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சிட்டு, சொந்த முயற்சியில அந்த ரிப்போர்ட்ட படிங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டீங்கன்னா, நான் நாளைக்கே ஊசிய நிறுத்திடறேன்."

 கம்பெனி டாக்டர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, மறுபடி திறந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரி வரியாகப் படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். படித்து முடித்துவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.